கலி என்னும் சொல்: பொருளும் மறுபெயர்களும்

அய்யா துணை

அகிலத்திரட்டு அம்மானையைச் சுவாமித்தோப்பில் திரு ஏடாக வாசிக்கும் கார்த்திகை மாதத்து 17 நாள்களிலும் அன்பர்களின் காதில் திரும்பத் திரும்ப விழும் சொல் ஒன்று உண்டு. அது ‘கலி’ என்பது. கலியன், கலிநீசன், கலிமாயை, கலியுகம் எனப் பல வடிவில் அது வருகிறது. ஏடு கேட்டுவிட்டுத் தாங்கலை விட்டு வெளியே வந்தால் தெருவிலும் அதே சொல்தான். பிள்ளை தகப்பனை எதிர்த்துப் பேசினால் ‘கலி முத்திப் போச்சு’ என்கிறார்கள். மழை பொய்த்தாலும் புயல் அடித்தாலும் ‘கலிகாலம்’ என்கிறார்கள். பிடிக்காதவனைத் திட்ட வேண்டுமானால் ‘நீசப்பாவி’ என்கிறார்கள்.

ஏட்டுச் சொல்லே வசவுச் சொல்லாகவும் ஆகும்போது அதன் பொருள் கலங்கிப்போகிறது. எது கலி, எது வெறும் கேடு, யார் நீசன் என்று தெளியாமல் ஏடு கேட்பவர், கலியை அறுக்க வந்த அய்யாவின் பெயரைச் சொல்லிக்கொண்டே கலியின் வேலையைச் செய்துவிடக்கூடும். ஆகவே இந்தச் சொல்லையும் அதன் மறுபெயர்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்து அறிவது அன்புக்கொடி மக்களுக்குத் தேவையான பாடமாகும்.

இந்தப் பாடத்துக்கு இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரை ஏற்ற இடம். காரணம் அகிலத்திலேயே இருக்கிறது. நீடிய யுகத்தில் உலகையே விழுங்க வந்த குறோணியை மாயோன் ஆறு துண்டுகளாக வெட்டினார். அந்தத் துண்டுகளே அடுத்தடுத்த யுகங்களில் குண்டோமசாலியாகவும், தில்லைமல்லாலன், மல்லோசிவாகனன் என்னும் இருவராகவும், சூரபற்பனாகவும் இரணியனாகவும், இராவணனாகவும், துரியோதனனாகவும், கடைசியில் கலியனாகவும் பிறந்தன. இவற்றுள் திரேதா யுகத்துத் துண்டாகிய இராவணனை வெல்லத் திருமால் இராமராக வந்து கடலைக் கடந்த இடம் இந்தக் கரையாகும். தீமைக்குத் தமிழில் வழங்கும் பெயர்களில் பலவற்றுக்கு இங்கே ஓர் ஊரைச் சுட்டிக்காட்டிப் பொருள் சொல்லலாம்.

சொல்லின் இரண்டு வேர்கள்

‘கலி’ என்ற ஒலியில் இரண்டு சொற்கள் கலந்திருக்கின்றன.

முதலாவது பழந்தமிழ்ச் சொல். ‘கலித்தல்’ என்றால் ஒலித்தல், ஆரவாரித்தல், துள்ளுதல், தழைத்தல். துள்ளல் ஓசை உடைய பாவுக்குக் கலிப்பா என்று பெயர். அந்தப் பாவால் ஆன 150 பாடல்களின் தொகுப்பு எட்டுத்தொகையுள் கலித்தொகை எனப்படுகிறது. இந்தக் கலியில் தீமை ஏதும் இல்லை. ஓயாமல் ஒலிப்பதால் கடலுக்கும் கலி என்று ஒரு பெயர் அகராதியில் உண்டு. மனம் துள்ளினால் அது மகிழ்ச்சி. துள்ளல் மிகுந்து தலைக்கு ஏறினால் அது செருக்கு. அந்தப் பொருளும் இந்தச் சொல்லுக்கு உண்டு.

இரண்டாவது வடமொழிச் சொல். அது சூதாட்டக் களத்திலிருந்து வந்தது. பழைய பாய்ச்சிகை ஆட்டத்தில் வீச்சுகளுக்குக் கிருதம், திரேதம், துவாபரம், கலி என்று பெயர். கலி என்பது தோற்கும் வீச்சு. அந்தப் பெயர்களே நான்கு யுகங்களுக்கும் ஆயின. அதிலிருந்து பகை, சண்டை, வறுமை, துன்பம், சனி என்ற பொருள்கள் கிளைத்தன. புகழேந்திப் புலவரின் நளவெண்பாவில் இரண்டாம் காண்டத்துக்குக் கலிதொடர் காண்டம் என்றும், மூன்றாம் காண்டத்துக்குக் கலிநீங்கு காண்டம் என்றும் பெயர். நளனைப் பற்றக் காத்திருந்த கலிக்கு நெடுநாள் இடம் கிடைக்கவில்லை. ஒருநாள் அவன் கால் கழுவியபோது சிறிதளவு இடம் நனையாமல் விட்டுப்போனது. அந்தச் சிறு இடம் போதுமானதாயிற்று. கலி உள்ளே புகுந்தது. அதன்பின் சூது, நாடிழப்பு, காடு, மனைவியைப் பிரிதல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

தமிழ்க் கலியும் வடமொழிக் கலியும் வேறு வேறு வழியில் வந்து ஒரே இடத்தில் சேர்கின்றன. அந்த இடம் செருக்கு. சூதாடுகிறவன் அடுத்த வீச்சு தன்னுடையது என்று எண்ணும் செருக்கும், தலைக்கு ஏறிய துள்ளலும் ஒன்றுதான். அகிலத்தின் யுகக் கதைகளிலும் இதுவே காணப்படுகிறது. ஒவ்வொரு யுகத்திலும் அந்த அசுரனுக்குத் திருந்த வாய்ப்புத் தரப்பட்டது. ஒருவனும் தன் குற்றத்தை ஒப்பவில்லை. உடல் மாறியது, பெயர் மாறியது, செருக்கு மாறவில்லை. எனவே கலி என்பதன் உட்பொருள் ‘ஒப்பாத செருக்கு’ என்று கொள்வது பொருந்தும்.

கேடு: தனுஷ்கோடி

கலிக்கு மறுபெயராகத் தெருவில் வழங்கும் முதல் சொல் கேடு. ‘கெடு’ என்பதிலிருந்து வந்தது. உள்ளது அழிவது கேடு. அதற்குச் செய்தவன் ஒருவன் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் இரயில் அலையில் அடித்துச் செல்லப்பட்டு, அதில் இருந்தவர் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில் நிலையம், தேவாலயம், வீடுகள் இடிந்தன. மக்கள் வாழத் தகாத இடம் என்று அரசு அறிவித்தது. இன்றும் அந்த இடிந்த சுவர்கள் மணலில் நிற்கின்றன.

அங்கே போய்ப் பார்ப்பவர்களில் சிலர், ‘அந்த ஊரார் செய்த பாவம்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது கேட்டையும் பாவத்தையும் ஒன்றாகக் குழப்பிய பேச்சு. கரையில் வலை உலர்த்தியவரும், இரயிலில் தூங்கிய குழந்தையும் கலியர் அல்லர். அவர்களுக்கு வந்தது கேடு. கேட்டில் விழுந்தவரைப் பார்த்து ‘உன் பாவம்’ என்று சொல்லும் வாயில்தான் கலி இருக்கிறது. தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதே தருமம் என்பது அய்யாவின் போதனை. கேடு வந்த இடத்தில் அன்பர் செய்ய வேண்டியது கை கொடுப்பது. காரணம் கற்பிப்பது அவர் வேலையாகாது.

பாவம்: இராமேசுவரம்

இரண்டாவது சொல் பாவம். தீவினை என்றும் சொல்வர். தீங்கு என்பது பிறனுக்குச் சேர்வது. தீவினை என்பது அதைச் செய்தவனோடு தங்குவது. திருக்குறளில் தீவினைக்கு அஞ்சுவதற்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அது 21ஆம் அதிகாரமாகிய தீவினையச்சம். கெட்டவனுக்கு அஞ்சுவதற்கு அங்கே அதிகாரம் இல்லை. தான் கெட்டதைச் செய்துவிடக்கூடாதே என்பதுதான் அந்த அச்சம்.

இராமேசுவரத் தலவரலாறு இந்தப் பொருளைச் சொல்கிறது. இராவணனைக் கொன்றதால் தம்மைத் தொடர்ந்த தோசம் நீங்க, சீதை மணலால் பிடித்த இலிங்கத்தை வைத்து இராமர் சிவனை வழிபட்டார் என்பது அந்த வரலாறு. அந்தக் கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள் இருக்கின்றன. இராவணன் தீயவன் என்பதில் ஐயம் இல்லை. அவனை அழித்தது தருமம் என்பதிலும் ஐயம் இல்லை. ஆயினும் அழித்தவரும் கை கழுவினார். ‘எதிரி கெட்டவன், ஆகவே நான் செய்தது எல்லாம் சரி’ என்ற எண்ணத்துக்கு இந்தத் தலத்தில் இடம் இல்லை. தீயவனை எதிர்ப்பவனுக்கும் தன் கையைப் பார்க்கும் கடமை உண்டு என்பதே இதன் பாடம்.

சனி: தேவிபட்டினம்

மூன்றாவது சொல் சனி. பீடை என்றும் சொல்வர். நளன் கதையில் கலி செய்ததைச் சனி செய்ததாக மக்கள் வழக்கில் சொல்லுவதும், திருநள்ளாறு அதற்குத் தலமாக விளங்குவதும் எல்லோரும் அறிந்ததே. இராமநாதபுரத்துக் கரையில் தேவிபட்டினத்தில், கடலுக்குள் ஒன்பது கற்கள் நவகோள்களாக நிற்கின்றன. சனி தோசம் நீங்க இராமரே அவற்றை நட்டார் என்று தலவரலாறு கூறும்.

இந்தச் சொல்லில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. கேட்டையும் தீவினையையும் சனியின் தலையில் போட்டுவிட்டால் மனிதன் தப்பித்துக்கொள்கிறான். குடித்துவிட்டு வீட்டில் அடிப்பவன் ‘எனக்குச் சனி பிடித்திருக்கிறது’ என்கிறான். கடன் வாங்கிச் சீட்டாடியவன் ‘ஏழரை’ என்கிறான். அய்யா வைகுண்டர் மந்திரவாதத்தையும் உயிர்ப்பலியையும் விலக்கினார். காணிக்கையும் கைக்கூலியும் வேண்டாம் என்றார். பணம் கொடுத்துக் கழிக்கக்கூடியது கலி ஆகாது என்பது இதனால் விளங்கும். நளனைக் கலி பற்றிய கதையைக் கவனித்தாலும் அங்கே கோளைவிடக் கால் கழுவாத சிறு இடமே பெரிதாகத் தெரிகிறது. அய்யா தம் மக்களில் 700 குடும்பத்தாரைத் துவையல் தவசுக்கு அனுப்பியபோது, உடலையும் உடையையும் நாள்தோறும் துவைத்துத் தூய்மை காக்கச் செய்ததன் கருத்தும் இதனோடு ஒத்து நிற்கிறது. கழுவாத இடத்தைத் தேடிக் கழுவுவது ஒவ்வொருவரும் தாமே செய்ய வேண்டிய வேலை.

செருக்கு: திருப்புல்லாணி

நான்காவது சொல் செருக்கு. முன்னே சொன்னபடி கடலுக்கும் செருக்குக்கும் கலி என்ற ஒரே பெயர் உண்டு. திருப்புல்லாணியின் வரலாற்றில் இரண்டும் ஒன்றாகவே வருகின்றன. இலங்கைக்கு வழி கேட்டு இராமர் தருப்பைப் புல்லின்மேல் மூன்று நாள் பட்டினி கிடந்தார். கடலரசன் வரவில்லை. வில்லை எடுத்த பின்பே வந்து பணிந்தான். அந்தக் கோயிலில் இன்றும் இராமர் புல்லணையில் கிடந்த கோலத்தில் காட்சி தருகிறார்.

இந்தக் கரையின் மக்கள் கடலை இரண்டாகச் சொல்வார்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல். பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல். கச்சான் காற்றுக் காலத்தில் ஒரு பக்கம் இரைந்தால் மறு பக்கம் குளம்போல் கிடக்கும். வாடை வந்தால் அடங்கிக் கிடந்த பக்கம் எழும். எந்தக் கடலும் எப்போதும் நல்லது என்றோ எப்போதும் பொல்லாதது என்றோ மீனவர் சொல்வதில்லை; காற்றைப் பார்த்தே சொல்வர். மனிதரும் அவ்வாறே. இன்று அடங்கி இருப்பவரிடத்தில் நாளை செருக்கு எழக்கூடும். வலிமை கையில் இருந்தும் வில்லை எடுக்குமுன் மூன்று நாள் புல்லில் கிடந்த பொறுமைதான் செருக்குக்கு நேர் எதிர்ச்சொல்.

நீசம்: யாரைச் சொல்வது?

இனி, இந்தப் பாடத்தின் நடுவான சொல்லுக்கு வரலாம். ‘நீசம்’ என்பது வடமொழியில் தாழ்வு என்று பொருள்படும். சோதிடத்தில் ஒரு கோள் வலிமை இழக்கும் இராசியை அதன் நீச வீடு என்பர். ஆழ்வார்கள் இறைவன்முன் தம்மைத் தாமே நீசர் என்று பணிவாகச் சொல்லிக்கொண்டதும் உண்டு. ஆனால் ஊர் வழக்கில் இந்தச் சொல் வேறு வேலைக்குப் பயன்பட்டது. பிறப்பால் தாழ்ந்தவர் என்று சிலரை ஒதுக்க ‘நீசர்’ என்றார்கள். தொட்டால் தீட்டு, வந்தால் தீட்டு என்பதெல்லாம் அதன் கிளைகள்.

இந்தச் சொல் என்ன செய்யும் என்பதற்கு இராமநாதபுரம் சீமையிலேயே சான்று உண்டு. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தார் சிலர் சென்று வழிபட்டனர். அவர்கள் நுழைந்ததால் கோயில் தீட்டுப்பட்டது என்று, கோயிலின் அறங்காவலராக இருந்த இராமநாதபுரம் சமஸ்தானத்தின் சார்பில் வழக்குத் தொடுக்கப்பட்டது. மதுரையில் தொடங்கிய வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. அங்கிருந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1908இல் அங்கும் வழிபடச் சென்றவர்களுக்கு எதிராகவே தீர்ப்பாயிற்று. சாமி கும்பிட உள்ளே சென்றது குற்றம் என்று மூன்று நீதிமன்றங்களும் சொல்லின. திருவிதாங்கூரில் 1936இல் ஆலயப் பிரவேசப் பிரகடனமும், சென்னை மாகாணத்தில் 1939இல் கோயில் நுழைவுச் சட்டமும் வந்த பிறகுதான் அந்தக் கதவுகள் சட்டப்படி திறந்தன.

இந்த வழக்குக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அய்யா வைகுண்டர் அந்தச் சொல்லைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார். 1833ஆம் ஆண்டு, கொல்லம் 1008 மாசி 20இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக வெளிப்பட்டவர், தாழ்த்தப்பட்ட மக்களைச் சான்றோர் என்றார். அவர்கள் மேல் வரியும் ஊழியமும் சுமத்திய மன்னனைக் கலிநீசன் என்றும், கடல் கடந்து வந்து ஆண்டவனை வெண்ணீசன் என்றும் அகிலம் குறிக்கிறது. அரி கோபாலன் சீடர் 1841இல் அகிலத்தை எழுதியபோது, நாட்டை ஆண்டவர்களுக்கே அந்தப் பெயர் போயிற்று. நீசம் பிறப்பில் இல்லை, செயலில் இருக்கிறது என்பது அதன் பொருள். அரண்மனையில் பிறந்தவனும் ஏழையின் வயிற்றில் அடித்தால் நீசன். பனைமரத்தடியில் பிறந்தவனும் தருமம் காத்தால் சான்றோன்.

இந்தப் பொருளுக்கு இராமேசுவரத்துக் கரையிலேயே ஒரு கோயில் சான்றாக நிற்கிறது. இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடி செல்லும் வழியில் உள்ள கோதண்டராமர் கோயில் அது. 1964 புயலுக்கும் தப்பி நின்ற கோயில். வீடணனுக்கு இராமர் பட்டம் கட்டிய இடம் என்று அதைப் போற்றுகிறார்கள். வீடணன் இராவணனுக்கு உடன்பிறந்தவன். குலம் ஒன்று, தாய் ஒருத்தி, ஊர் ஒன்று. அவன் அடைக்கலம் என்று வந்தபோது, அரக்கன் தம்பியை நம்பலாமா என்று சுக்கிரீவன் தடுத்தான். இராமர் பிறப்பைப் பார்க்கவில்லை, ஏற்றுக்கொண்டார். இரத்தத்தில் கலி ஓடும் என்றால் அந்தக் கரையில் வீடணனுக்கு முடி கிடைத்திருக்காது.

சொல்லைக் கையாளும் முறை

இவ்வளவும் அறிந்த பின் அன்பர்களுக்கு ஒரு கடமை மிஞ்சுகிறது. நீசர் என்ற சொல்லால் அடிபட்டவர்களின் வழியில் வந்தவர்கள், அதே சொல்லை எடுத்து வேறொருவர் மேல் எறியக்கூடாது. தன்னைவிடத் தாழ்ந்தவன் என்று இன்னொரு சாதியானைத் தாங்கலின் வெளியே நிறுத்துபவரும், பந்தியில் இலையை மாற்றிப் போடுபவரும், துப்புரவு செய்ய வந்தவருக்குத் தனிக் குவளையில் தண்ணீர் கொடுப்பவரும் கமுதியில் கதவைச் சாத்தியவரின் பக்கத்தில் போய் நிற்கிறார்கள். நெற்றியில் திருநாமம் இருந்தாலும் அந்த நேரத்தில் அகிலம் அவர்களுக்குத் தரும் பெயர் நீசன்தான். எல்லாச் சாதியாரும் ஒன்றாகக் குளிக்க முந்திரிக்கிணறும், ஒன்றாக உண்ணப் பந்தியும் அய்யா வைத்தது இந்த ஒரு பெயருக்கு அன்பர்கள் ஆளாகக்கூடாது என்பதற்காகவே.

கலியை எதிர்க்கும் விதமும் ஏட்டில் இருக்கிறது. மாயோன் கலியன்முன் பண்டார வடிவில் சென்று நின்றபோது கையில் ஆயுதம் இல்லை. ஆயுதம் இல்லாத ஆண்டியோடு போர் செய்வது தன் வீரத்துக்கு இழுக்கு என்று கலியன் பெருமை பேசினான். பண்டாரங்களை இடறு செய்வதில்லை, செய்தால் படையும் நாடும் இழப்பேன் என்று அவன் வாயாலேயே உறுதி வாங்கப்பட்டது. செருக்கு தன் பேச்சிலேயே மாட்டிக்கொண்டது. அய்யாவைக் கலிநீசன் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்துப் பசித்த புலிக்கூண்டில் விட்டபோதும் அவர் பொறுமையையே கைக்கொண்டார். புலி அடங்கிப் படுத்தது. கலியைக் கலியால் வெல்ல முடியாது. ஆரவாரத்தை ஆரவாரத்தால் அடக்க முடியாது.

ஆகவே ஏட்டில் ‘கலியன்’ என்று வாசிக்கும்போது மனம் உடனே அடுத்த வீட்டுக்காரனை நினைத்தால், வாசிப்பின் பயன் அங்கேயே போய்விடுகிறது. பதியிலும் தாங்கலிலும் பள்ளியறையில் சிலை இல்லை; கண்ணாடி இருக்கிறது. விளக்குகளின் நடுவே அன்பர் காண்பது தம் முகத்தை. நெற்றியில் திருநாமம் தரித்துத் தலைப்பாகையோடு நிற்கும் அந்த முகத்தில் அய்யா குடியிருப்பதைக் கண்டு வணங்குவது ஒரு பாதி. கழுவாமல் விட்ட சிறு இடம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது மறு பாதி. கேடு வந்தவரைத் தாங்கி, தீவினைக்கு அஞ்சி, சனியின்மேல் பழி போடாமல், செருக்கை அடக்கி, ஒருவரையும் பிறப்பால் நீசர் என்னாமல் வாழ்பவரிடத்தில் கலிக்குக் கால் வைக்க இடம் இல்லை. அங்கே தருமயுகம் தொடங்கிவிட்டது என்று அறிக.

அய்யா உண்டு.